வழுவமைதி: காதற்பேச்சும் இலக்கணக் காவலர்களும்

1

ஆங்கிலத்தில் ஒரே மாதிரி ஒலிக்கும் 'யுவர்'கள் இரண்டு. ஒன்று 'உன்னுடைய' என்று பொருள்படும். மற்றது 'நீ இருக்கிறாய்' என்பதன் சுருக்கம். நடுவே மேலே ஒரு சின்னக் கொக்கி விழும். ஒன்று வரவேண்டிய இடத்தில் மற்றதை எழுதிய ஒருவனோடு பேச்சை அன்றைக்கே முடித்துக்கொண்டதாக ஒரு தோழி சொன்னார். டேட்டிங் செயலியில் பழக்கமானவன். இரண்டு வாரம் பேசியிருக்கிறார்கள். நல்லவனாகத்தான் தெரிந்தானாம். 'அதைப் பாத்ததும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதுக்கப்புறம் மனசு ஒட்டலை.' பக்கத்தில் இருந்த நண்பர் தன் பங்குக்குச் சொன்னார்: 'உங்களுக்காவது பரவாயில்லை. எனக்கு வர்றவங்க எல்லாரும் ஒரே டயலாக்தான் பேசுறாங்க. வைப், ரெட் ஃப்ளாக், க்ரஷ். இருபது பேரும் ஒரே ஆள் மாதிரி இருக்கு.'

இணையவழிக் காதலைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இந்த இரண்டு புகார்களும் சேர்ந்தே வருகின்றன. ஒன்று, யாருக்கும் சரியாக எழுதத் தெரியவில்லை. மற்றது, எல்லோரும் தேய்ந்த சொற்களையே பேசுகிறார்கள். இரண்டும் மொழி மீதான அக்கறையிலிருந்து பிறந்தவை போல் தோற்றம் தருகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் புகார் மொழியைப் பற்றியதே அல்ல. இரண்டாவது மொழியைப் பற்றியதுதான். ஆனால் குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கான முயற்சி இது. தமிழ் முதுகலை படித்தவன் என்ற முறையில் இதில் எனக்கும் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

2

தோழியின் 'ஒரு மாதிரி ஆயிடுச்சு' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். விசாரித்தபோது தெரிந்தது: அந்தப் பையன் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவன். பிறகு பொறியியல், ஒரு கம்பெனி வேலை, கைநிறையச் சம்பளம். வீட்டில் ஆங்கிலம் பேசிய முதல் ஆள் அவன்தான்.

நம்மவர்கள் கேலி செய்யும் ஆங்கிலப் பிழைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். 'டிட் யூ வென்ட்', 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்', பெயருக்கு முன்னால் ஒரு 'மைசெல்ஃப்'. இவை ஏனோதானோவென்று விழுகிற பிழைகள் இல்லை. இறந்தகாலக் கேள்வி கேட்கும்போது காலத்தை வினையில்தான் காட்ட வேண்டும் என்று தமிழ் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஆகவே 'டிட்' வந்த பிறகும் 'வென்ட்' வருகிறது. 'வருகிறேன்' என்ற ஒரே வடிவம் தமிழில் இரண்டு ஆங்கில நிகழ்கால வடிவங்களுக்கும் ஈடுகொடுக்கிறது. எங்கே எது என்று குழம்புவது இயல்பு. ஆக, இந்தப் பிழைகளுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அது தாய்மொழியின் ஒழுங்கு. அதனாலேயே இவை ஆளைக் காட்டிக்கொடுக்கின்றன. எந்தப் பள்ளி, வீட்டில் யார் படித்தவர், ஆங்கிலம் காதில் விழுந்து வந்ததா புத்தகத்திலிருந்து வந்ததா என்பதையெல்லாம் ஒரு வரியில் சொல்லிவிடுகின்றன.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979-ல் வெளியிட்ட பெரிய நூலில் ரசனையைப் பற்றி ஆராய்ந்தார். தனிமனித விருப்பம் என்று நாம் நினைத்துக்கொள்வது எப்படி வர்க்கத்தின் வேலையைச் செய்கிறது என்பதே அவருடைய கேள்வி. மனிதர்களை ஜோடி சேர்ப்பதிலும் ரசனை தரகர் வேலை பார்க்கிறது என்பது அவர் கண்டுசொன்னவற்றில் ஒன்று. நமது ஊரில் தரகர் வீட்டுக்கு வந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, 'நம்ம ஆளுங்களா?' என்று வாய்விட்டே கேட்பார். செயலியில் அப்படிக் கேட்க நாகரிகம் இடம்கொடுப்பதில்லை. கேட்காமலேயே தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டும். 'எனக்கு கிராமர் ரொம்ப முக்கியம்' என்பது அந்த வழிகளில் ஒன்று.

'சேபியோசெக்சுவல்' என்றொரு சொல் இருக்கிறது. அறிவால் மட்டுமே ஈர்க்கப்படுகிறவர் என்று அர்த்தம். 'ஓகேகியூபிட்' செயலி 2014-ல் அதை ஓர் அடையாளமாகவே தேர்ந்துகொள்ள வசதி செய்து கொடுத்தது, 2019-ல் எடுத்துவிட்டது. எடுத்துவிட்டாலும் சொல் சாகவில்லை. அறிவைக் கொண்டாடுவதில் தவறில்லை. ஆனால் இங்கே அறிவை எதை வைத்து அளக்கிறார்கள்? முதல் மூன்று வரி ஆங்கிலத்தை வைத்து. ஒரு கிணறு வெட்டுகிறவரின் அறிவையோ, இருபது நோயாளிகளுக்கு எந்த நேரத்தில் எந்த மருந்து என்று நினைவில் வைத்திருக்கும் செவிலியரின் அறிவையோ அந்த மூன்று வரியால் தொட முடியாது.

'எனக்குப் பிடிச்ச மாதிரி ஆள் வேணும்னு நினைக்கிறது தப்பா?' என்று தோழி கேட்டார். தப்பில்லை. யாரும் யாரையும் காதலிக்கக் கடமைப்பட்டவர்களில்லை. அதிலும் முன்பின் தெரியாத ஆண்களோடு பேச வேண்டியிருக்கிற ஒரு பெண், எதைக் கண்டு வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். அந்த உரிமையில் நான் கை வைக்கவில்லை. நான் கேட்பது வேறு. காரணம் சொல்லும்போது ஏன் இலக்கணத்தைச் சொல்கிறோம்? மனசு ஒட்டவில்லை என்று சொன்னால் அது நம்மைப் பற்றிய செய்தி. இலக்கணம் தெரியவில்லை என்று சொன்னால் அது அவனைப் பற்றிய தீர்ப்பு. இலக்கணம் யார் பக்கமும் சாயாதது போல் ஒரு தோற்றம் இருக்கிறதல்லவா, அந்தத் தோற்றத்தைத்தான் கடன் வாங்குகிறோம். கருத்தியல் வேலை செய்வது இப்படித்தான்.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடவும் முடியவில்லை. 2011-12 இந்திய மனித வளர்ச்சி ஆய்வின்படி நம் நாட்டில் சாதி மாறி நடக்கும் கல்யாணங்கள் நூற்றுக்கு ஐந்து அளவில்தான். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டது, சாதி கடந்து ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டதற்காக. இப்படிப்பட்ட ஊரில் முன்பின் அறியாத இருவர் தரகர் இல்லாமல், சொந்தக்காரர் இல்லாமல் பேசத் தொடங்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது என்பது லேசான காரியமில்லை. அந்த இடத்திலும் வாசலில் ஒரு காவலாளியை நாமே கூலியில்லாமல் நிறுத்தி வைக்கிறோம். அரிவாளும் அந்தக் கொக்கிக் குறியும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. வரப்பு அதேதான் என்று மட்டும் சொல்கிறேன்.

3

என் கணக்குக்கு வருகிறேன்.

என் ஆங்கிலமும் ஒட்டுப்போட்டதுதான். அதற்காக நானும் இரண்டு மூன்று முறை வெளியே தள்ளப்பட்டிருக்கிறேன். ஒருவர் என் வரியைத் திருத்தி எனக்கே அனுப்பிவிட்டுக் காணாமல் போனார். அந்தக் கோபத்தில், இனி தமிழில்தான் பேசுவது என்று முடிவு செய்தேன். தமிழில் நான் ராஜா. வலி மிகும் இடமும் மிகா இடமும் விரல்நுனியில்.

ஒரு தை மாதம். டெல்டாப் பக்கத்துப் பெண். சென்னையில் வேலை, அறுப்புக்காக ஊருக்குப் போயிருந்தார். பத்து நாட்களாகப் பேசிக்கொண்டிருந்தோம். இன்னும் 'நீங்க'தான். ஆங்கிலத்தில் 'யூ' என்று ஒன்று இருப்பது இந்த விஷயத்தில் எத்தனை சௌகரியம் என்பதைத் தமிழில் பேசிப் பார்த்தால்தான் தெரியும். எப்போது 'நீ'க்கு இறங்குவது, யார் முதலில் இறங்குவது என்பது இங்கே தனி அரசியல். ஒருநாள் ராத்திரி அவர் எழுதினார்: 'இங்க ஒரே மலை. நெல்லு களத்துல கெடக்கு. அப்பா தார்ப்பாயத் தூக்கிட்டு போயிருக்கு. இன்னும் காணும்.'

நான் பதில் போட்டேன்: 'மலை எப்படிங்க பெய்யும்?' கூடவே ஒரு சிரிப்புப் படம்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. 'எங்க ஊர்ல பெய்யும் சார்.'

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு 'சார்' வந்து உட்கார்ந்துவிட்டது. வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு வாத்தியார் மரியாதை. நியாயம்தான்.

ஆங்கிலத்தில் எனக்கு எது நடந்ததோ அதைத் தமிழில் இன்னொருவருக்கு நான் செய்தேன். தமிழ்ப்பற்று என்று இதற்குப் பெயர் வைத்துக்கொள்ள முடியும். கொஞ்சகாலம் வைத்துக்கொண்டும் இருந்தேன். லகர ளகர ழகரத்தைச் சரியாகச் சொல்லாதவர்களைப் பார்த்து நம் பட்டிமன்ற மேடைகள் எத்தனை சிரிப்பு சிரித்திருக்கின்றன! அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று யோசித்தோமா? வட்டாரத்தை, வறுமையை, அரசுப் பள்ளியில் ஆசிரியர் இல்லாத இரண்டு வருஷத்தை.

4

வெட்கத்தோடு இலக்கணத்துக்கே திரும்பிப் போனேன். அங்கே எனக்காக ஒன்று காத்திருந்தது.

மரபிலக்கணம் பிழையை 'வழு' என்கிறது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழு ஏழு. மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள். ஆனால் அதே மூச்சில் அது 'வழுவமைதி' என்ற ஒன்றையும் சொல்கிறது. பிழைதான், ஆனாலும் தக்க காரணம் இருந்தால் பிழையன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் நன்னூலில் பவணந்தி முனிவர் காரணங்களையும் பட்டியல் போட்டிருக்கிறார்: மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு. இவற்றால் திணையும் பாலும் மாறினாலும் அது இயல்பே. பசுவைப் பார்த்து அம்மா வந்துவிட்டாள் என்று சொன்னால் அஃறிணை உயர்திணையாகிறது. மகிழ்ச்சி காரணம், ஆகவே குற்றமில்லை. மகளை ஒரு தாய் 'டா' போட்டுக் கொஞ்சுவதைப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலே பால் வழுவமைதிக்கு உதாரணம் காட்டுகிறது.

இன்றைக்குக் காதலியை 'சாப்ட்டியாடா?' என்று கேட்கும் ஒவ்வொரு பையனும் பவணந்தியின் அனுமதியோடுதான் கேட்கிறான். பையனுக்குத் தெரியாது. சிரிக்கும் தமிழாசிரியருக்குத் தெரியும். ஆனால் நினைவுக்கு வராது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டியலில் மகிழ்ச்சி மட்டுமில்லை, இழிவும் இருக்கிறது. ஒரு 'டா' கொஞ்சலாகவும் வரும். அறுபது வயதுக் கூலித் தொழிலாளியைப் பார்த்து இருபது வயது மேல்சாதிப் பையன் வாயிலிருந்தும் வரும். எழுத்து ஒன்றுதான். எந்த 'டா' என்பதை யார், யாரிடம், எந்த மனசோடு சொன்னார் என்பதைக் கொண்டே தீர்மானிக்க முடியும். அப்படியானால் இலக்கணம் என்பது பிழை பிடிப்பது மட்டுமில்லை. சொன்னவரின் மனநிலையை விசாரித்த பிறகே தீர்ப்புச் சொல்லும் ஒழுங்கும் அதற்குள் இருக்கிறது. நம் காவலர்கள் வழுவைப் படித்தார்கள், அமைதியைப் படிக்கவில்லை.

அந்தப் பெண் எழுதியதை மறுபடி பார்த்தேன். 'அப்பா போயிருக்கு.' 'போயிருக்கிறார்' இல்லை, 'போயிருக்கு'. எங்கள் பக்கத்திலும் இப்படித்தான். அம்மா வந்துச்சு, ஆயா சொல்லுச்சு. உயர்திணை அஃறிணையாக முடிகிறது. நெருக்கம் காரணமான திணை வழுவமைதி. பத்து நாள் பழகிய ஒருவனிடம் அவர் வீட்டுப் பேச்சில் பேசியிருக்கிறார். அந்த வரியில் எனக்குக் கிடைத்த இடம் அது. நான் 'மலை'யைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

5

இனி இரண்டாவது புகார். தேய்ந்த சொற்கள்.

கொச்சை என்று இதை ஒதுக்க மரபிலக்கணத்தில் இடமில்லை. ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல்லைக் 'குழூஉக்குறி' என்று பெயரிட்டு, தகுதி வழக்கில்தான் சேர்த்திருக்கிறார்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது வழக்கமான உதாரணம். ஆகவே 'வைப்', 'க்ரஷ்' வருவதால் தமிழ் அழிந்துவிடாது. ஆனால் எந்தக் குழுவின் குறி, யாரைப் பற்றியது, யாரிடம் சொல்லப்படுகிறது என்று கேட்கலாம். கேட்க வேண்டும்.

2000-களின் பிற்பகுதியில் நான் கல்லூரியில் இருந்தபோது காதுக்குள் விழுந்த சொற்கள்: பிக்கப் பண்றது, கரெக்ட் பண்றது, உஷார் பண்றது, மடக்குறது. எல்லாம் செயப்படுபொருள் குன்றா வினைகள். 'அவளை உஷார் பண்ணிட்டான்.' எழுவாய் ஆண். இரண்டாம் வேற்றுமை உருபை ஏற்று நிற்பவள் பெண். மதில்மேல் உட்கார்ந்த பையன்களின் குழூஉக்குறி அது. அந்தப் பெண்ணிடம் சொல்வதற்கான சொல் அதில் ஒன்றுகூட இல்லை. அவளைப் பற்றிய சொற்கள் மட்டும்தான்.

இப்போது வழங்குவதைப் பாருங்கள்: செட் ஆகலை, வைப் ஆகலை, வொர்க்கவுட் ஆகலை. கடன் சொல்லோடு தமிழ் ஒட்டும் துணைவினை மாறியிருக்கிறது. 'பண்ணு' போய் 'ஆகு' வந்திருக்கிறது. பெண்ணைப் பொருளாக்கிய வாக்கியம் போனதில் எனக்கு மகிழ்ச்சியே. பெண்களும் இந்தச் சொற்களைச் சமமாகப் புழங்குகிறார்கள். அது பெரிய மாற்றம். ஆனால் வந்ததன் அமைப்பு என்ன? 'செட் ஆகலை' என்பதில் எது செட் ஆகவில்லை? தோன்றா எழுவாய். விலகியது யார், ஏன், என்ன சொல்லிவிட்டு என்று எதுவும் இல்லை. பால் திரிந்தது போல, பஸ் தாமதமானது போல, தானாக நடந்த ஒன்றாக அது மாறிவிடுகிறது. முந்தைய தலைமுறைப் பேச்சில் எதிரே இருந்தவர் பொருளாக நின்றார். இப்போதைய பேச்சில் பேசுகிறவரே நழுவிவிடுகிறார். என் தோழியின் 'ஒரு மாதிரி ஆயிடுச்சு' என்பதும் இதே இலக்கணம்தான்.

மீண்டும் மீண்டும் வருவதால் சொல் தேய்ந்துபோகிறது என்பதுதான் பொதுவான புகார். இதை நான் ஏற்கவில்லை. காதற்பேச்சு எந்தக் காலத்திலும் புதிதாக இருந்ததில்லை. ரோலான் பார்த் 1977-ல் காதலர் பேச்சைப் பற்றி எழுதியபோது, அதைத் துண்டு துண்டாக்கி அகரவரிசையில்தான் அடுக்கினார். காதலிப்பவர் தன் சொந்த அனுபவம் என்று எண்ணிக்கொண்டிருப்பது ஏற்கெனவே பலர் பேசி வைத்த பேச்சின் துண்டுகள்தான் என்பது அந்த அடுக்கிலேயே தெரிகிறது. நம் அகக் கவிதைகளைவிடத் திரும்பத் திரும்ப வருகிற பேச்சு உண்டா? அதே குறிஞ்சி, அதே நெய்தல், அதே காத்திருப்பு. தலைவன் தலைவிக்குப் பெயர்கூடக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. ஆனாலும் அவை தேயவில்லை. ஏன்?

தொல்காப்பியம் செய்யுளியலில் உறுப்புகளை எண்ணும்போது 'கூற்று' என்ற ஒன்றோடு 'கேட்போர்' என்ற ஒன்றையும் சேர்த்து எண்ணுகிறது. யார் சொல்கிறார் என்பது போலவே யார் கேட்கிறார் என்பதும் செய்யுளின் உறுப்பு. தோழியிடம் சொல்வது வேறு, பாணனிடம் சொல்வது வேறு, வேலிக்கு அப்பால் நிற்கும் தலைவன் காதில் விழட்டும் என்று தோழியிடம் சொல்வது வேறு. உவமை பழசு, கேட்பவர் ஒவ்வொரு முறையும் புதியவர். அதனால் பழைய சொல் புதிதாக வேலை செய்கிறது.

செயலியில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஒரே வரியை நகலெடுத்து இருபது பேருக்கு அனுப்பலாம். அனுப்புகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பதினெட்டுப் பேர் பதில் போடமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு வரி எழுதி, ஒவ்வொரு முறையும் நிராகரிக்கப்படுவதற்கு யாரிடம் தெம்பு இருக்கிறது? எல்லோரும் சொல்வதைச் சொன்னால் அடி விழும்போது அது நம்மேல் விழாது. சொல்மேல் விழும். தேய்ந்த சொல் ஒரு கவசம். ஆனால் கவசம் போட்டுக்கொண்டு பேசுகிற பேச்சுக்குக் கேட்போர் இல்லை. நண்பர் 'இருபது பேரும் ஒரே ஆள் மாதிரி' என்றாரே, அந்த இருபது பேருக்கும் நண்பர் அப்படித்தான் தெரிந்திருப்பார்.

6

ஆக, இரண்டு புகாரும் எங்கே சந்திக்கின்றன என்று இப்போது பார்க்க முடிகிறது. இலக்கணக் காவலர், சொன்னவரை விட்டுவிட்டுச் சொல்லைப் பார்க்கிறார். தேய்ந்த சொல்காரர், கேட்பவரை விட்டுவிட்டுச் சொல்லை அனுப்புகிறார். ஒருவரிடம் கேட்கும் காது இல்லை. மற்றவரிடம் சொல்லும் ஆள் இல்லை. ஒருவரை ஒருவர் குறைசொல்லிக்கொண்டே இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள். முதலாமவர் செய்வது மட்டும் கூடுதல் கொடுமை. அதில் சாதியும் வர்க்கமும் முகம் காட்டாமல் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

தமிழ் படித்த நமக்கு இதில் ஒரு பொறுப்பு உண்டு என்றே நினைக்கிறேன். இலக்கணம் என்றால் சிவப்பு மை என்று ஊரை நம்பவைத்தது நாம்தான். வழுவமைதியை ஐந்து மதிப்பெண் கேள்வியாகவே விட்டுவைத்ததும் நாம்தான். பிழையே வேண்டாம், திருத்தமே வேண்டாம் என்று நான் பேசவில்லை. வகுப்பறையில் 'மழை'யை 'மழை' என்றே எழுதச் சொல்லிக்கொடுக்க வேண்டும். திருத்துவதற்கு என்று ஓர் இடமும் நேரமும் இருக்கிறது என்கிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு, அப்பாவைக் காணாமல் ஒருவர் எழுதும் இடம் அது இல்லை.

அவர் அப்பா அன்றைக்குத் திரும்பி வந்தாரா, களத்திலிருந்த நெல் நனைந்ததா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அடுத்த நாள் கேட்கலாம் என்று எடுத்தபோது அந்தப் பக்கம் மூடியிருந்தது. 'செட் ஆகலை' என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டேன். எழுவாய் நான்தான் என்று சொல்ல இத்தனை நாள் பிடித்திருக்கிறது.